உதரக் காயமும் இரண்டாம் நாளும்

மனித உடம்பிலே உயிர்நிலையான உறுப்புக்கள் பலவற்றுக்கு இயற்கை என்புக் காவல் அமைத்திருக்கிறது. மூளைக்கு மண்டையோடு உண்டு. இருதயத்துக்கும் சுவாசப்பைகளுக்கும் விலாவென்புக் கூடு உண்டு. முண்ணாணுக்கு முள்ளந்தண்டு உண்டு. வயிற்றுக்கோ முன்புறத்திலே தோலும் தசையுமன்றி வேறு காவலில்லை. மாடு முட்டினாலும், பனையினின்று விழுந்தாலும், துவக்குச் சன்னம் பாய்ந்தாலும் முதலில் இடங்கொடுப்பது இம்மென்சுவரே. ஆதலின், உதரத்தில் ஆழ்ந்த காயம்பட்டவன் பிழையான் என்பது பன்னெடுங்காலமாக உலகோர் துணிபாயிருந்தது.

அத்தகைய வயிற்றைத் திறந்து உள்ளே பழுது பார்க்கலாமா என்னும் வினாவுக்கு விடைகாணச் சத்திரவைத்தியருக்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. விடை கண்டபின் அதனினும் நுண்ணியதொரு வினா எழுந்தது. திறந்த வயிற்றை எப்போது மூடுவது? திறந்ததை அப்பொழுதே தைத்து மூடவேண்டும் என்பதில் ஐயம் யாது என்று கேட்கத் தோன்றும். ஆயினும், சிற்சில வேளைகளில் மூடாது விடுவதே உயிர்காக்கும் வழி என்பதைச் சத்திரவைத்தியம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாக அறிந்துகொண்டது. அவ்வறிவு எவற்றையெல்லாம் சார்ந்து நிற்கின்றது என்பதோ 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னிப் பெருநிலப்பரப்பிலே வெளிப்பட்டது. முறை பிறந்த வரலாற்றை முதலிற் காண்டல் தகும். வன்னியின் நிலை அதன்பின்னரே விளங்கும்.

சுசுருத சங்கிதையின் சிகிச்சைத்தானத்திலே உதரக் காயம் விரிவாகப் பேசப்படுகின்றது. வெளியே சரிந்த குடல் கிழிபடாததாயின் அதனைப் பாலாற் கழுவி, நெய் பூசி, நகங் களைந்த கையால் மெல்ல உள்ளே செலுத்தவேண்டும். புண்வாய் சிறிதாயின் அளவறிந்து அகட்டிக்கொள்ளவேண்டும். குடல் எளிதில் உட்புகாவிடத்து நோயாளியின் தொண்டையை விரலாற் தீண்டுதல், நீர் தெளித்துத் திடுக்கிடச் செய்தல், வலியுடையார் கைகால்களைப் பற்றி உயர்த்துதல் ஆகிய உபாயங்களும் சொல்லப்படுகின்றன. கிழிந்த குடலின் இரு விளிம்புகளையும் எறும்புகளைக் கடிக்கவிட்டு இணைக்கலாம் என்பது சிலர் கொள்கை எனவும் அந்நூல் குறிப்பிடுகின்றது. எறும்பின் தலை பற்றியபடியே இருக்க உடலை நீக்கிவிடுவது அம்முறை. இக்காலத்து உலோகத் தையலூசிகளுக்கு அதனை முன்னோடி என்று கூறுவாரும் உளர். குடலை உட்செலுத்தியபின் புண்ணைத் தைத்துவிடுவதே முடிவு. மூடாது விடுதல் என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

ஈழநாட்டில் மேனாட்டுச் சத்திரவைத்தியம் தமிழுடம்பு பெற்றது மானிப்பாயிலாகும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் மாணாக்கருக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். சத்திரவைத்தியத்தைப் பொருளாகக் கொண்ட ‘இரணவைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. புண்ணிற் கிருமி புகாவாறு கார்போலிக்கமிலத்தைக் கையாளும் முறையை யோசேப் லிஸ்ரர் இலண்டன் ‘லான்செற்’ பத்திரிகையில் வெளியிட்டதும் அதே 1867இலாகும். அம்முறை பரவுமுன் வயிற்றைத் திறத்தல் பெரும்பாலும் கொலைக்கு ஒப்பாகவே முடிந்தது. மானிப்பாயிற் பயின்றோர் உதரக் காயத்தைக் கண்டு அஞ்சியிருப்பின் அவ்வச்சம் அவர்க்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலும் அச்சம் அதுவே.

கிருமி நீக்கம் கைவந்தபின்பும் போர்க்களத்தில் அச்சம் நீங்கவில்லை. 1899இல் மூண்ட தென்னாபிரிக்கப் போரிலே பிரித்தானியப் படையினரின் உதரக் காயங்களைத் திறக்காது விடுவதே நலம் என்னும் கருத்து வலுப்பெற்றது. அங்கே ஆலோசகராயிருந்த சேர் வில்லியம் மக்கோர்மாக் முதலானோர் திறந்த வயிற்றைவிடத் திறவா வயிறே பிழைக்கிறது என்று கண்டனர். கண்டது பொய்யன்று, கொண்ட காரணமே பிழை. வெட்டவெளியிலே மாட்டுவண்டிகளில் நெடுநேரம் குலுங்கி வந்தவனைத் திறப்பதும் திறவாததும் ஏறக்குறைய ஒன்றே. தாமதமே அவனை முன்னர்க் கொன்றுவிட்டிருந்தது. 1904–05 உருசிய யப்பானியப் போரிலே வேரா கெத்ரோயிற்ஸ் என்னும் பெண் வைத்தியர் புகையிரதப் பெட்டியொன்றைச் சத்திரசிகிச்சைக் கூடமாக்கிக் களத்தருகே கொண்டுசென்று, விரைவில் வந்துசேர்ந்தோரை மட்டும் திறந்து நற்பயன் கண்டார். முதலாம் உலக மகாயுத்தத்திலே 1915 தொடக்கம் பிரித்தானியரும் அவ்வழிக்கே வந்தனர். அப்போதும் திறக்கப்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆயினும், உதரக் காயத்தின் வரலாறு கத்தியின் வரலாறு மாத்திரமன்று, பாதையின் வரலாறுமாம் என்பது அன்றே புலப்பட்டுவிட்டது.

மூடாது விடும் எண்ணம் இரண்டாம் உலக மகாயுத்தத்தின் தொடக்கத்திலே எழுத்திற் காணப்படுகிறது. பிரித்தானியச் சத்திரவைத்தியர் ஹெனேஜ் ஓகில்வி 1940இல் ‘லான்செற்’ பத்திரிகையிலே உதரப் போர்க்காயங்களைப்பற்றி எழுதினார். எறிகுண்டுச் சிதறல் வயிற்றுச் சுவரையே பெயர்த்தெடுத்துவிட்டவிடத்து, எஞ்சிய விளிம்புகளை வலிந்து இழுத்துத் தைத்தால் அவை அறுந்துபோகும். அவ்விடத்தே மெல்லிய கன்வஸ் துணியையோ தடித்த பருத்தித் துணியையோ வஸ்லீனில் தோய்த்து, திறப்பினுஞ் சற்றுச் சிறிதாக வெட்டி, விளிம்புகளோடு தைத்துவிடலாம் என்றார் அவர். குடல் சரியாது, சுவர் மேலும் விலகாது, பின்னர் வசதிவந்தபோது மூடிக்கொள்ளலாம். கூடாரத்துக்குரிய கன்வஸ் மனித வயிற்றுக்கும் கூரையாயிற்று. ஆயினும் அவர் அதனைக் கைக்கொண்டது மூடமுடியாத வயிற்றுக்கே. மூடக்கூடிய வயிற்றையும் மூடாது விடுக என்று சொல்ல வேறொரு கண்டுபிடிப்பு வேண்டியிருந்தது.

அது வயிற்றறையின் அமுக்கத்தைப்பற்றியதாகும். பெருங் குருதியிழப்புக்குப் பின்னர், இழந்ததை ஈடுசெய்யக் குருதியும் உப்புநீரும் நாளங்களினூடாக லீற்றர் லீற்றராக ஏற்றப்படுகின்றன. அந்நீரின் ஒரு பகுதி நாளங்களினின்று கசிந்து குடற்சுவரிலே தேங்க, குடல் வீங்குகின்றது. வீங்கிய குடலை வற்புறுத்தி உள்ளே அடக்கி, சுவரை இறுகத் தைத்துவிட்டால் அறையினுள் அமுக்கம் ஏறும். இருதயத்துக்கு மீளும் பெருநாளம் நசுங்கும். சிறுநீரகத்துக்குக் குருதி குன்றும். பிரிமென்றகடு மேலெழுந்து சுவாசப்பையை ஒடுக்கும். கடும்நோயுற்றுக் கிடப்போரிலே இவ்வமுக்கம் வழக்கமாக 5 முதல் 7 மில்லிமீற்றர் இரசம் வரையிலிருக்கும். அது 20ஐத் தாண்டி, உறுப்பொன்று புதிதாகச் செயலிழக்கவுந் தொடங்கினால் அதனை வயிற்றறை அமுக்க நோய் என்பர். இதனை அளக்கப் பெரிய யந்திரம் வேண்டுவதில்லை. சலப்பையினுள் இட்ட குழாயை நிமிர்த்திப் பிடித்து, அதில் நிற்கும் நீர்நிரலின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தாற் போதும். இரசம் நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியுடையது ஆதலின் 20 மில்லிமீற்றர் இரசம் ஏறக்குறைய 27 சென்ரிமீற்றர் நீருக்குச் சமன் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணாக்கர் எளிதிற் கணித்தறிவர்.

1984இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலே குரொன் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இவ்வாறு அளந்தனர். அமுக்கம் ஏறிச் சிறுநீர் நின்றுபோன நோயாளர் எழுவரின் வயிற்றை மீளத் திறந்தவுடன் சிறுநீர் பெருகியது. திறக்கப்படாத நால்வர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். தையலே நோயாகவும், தையலை அவிழ்த்தலே மருந்தாகவும் ஆயிற்று.

இதற்குச் சற்று முன்னதாக, 1983இல், அற்லான்ரா நகரத்துச் சத்திரவைத்தியர் ஹார்லன் ஸ்ரோன் மற்றொரு படியைக் கடந்திருந்தார். குருதி பெருகி உடல் குளிர்ந்தவனுக்குக் குருதி உறைவதில்லை; உறையாமையாற் குருதி மேலும் பெருகும்; இரத்தத்தில் அமிலம் மிகும்; மிக மிக இருதயம் தளரும். குளிர், அமிலம், உறையாமை ஆகிய இம்மூன்றும் ஒன்றையொன்று வளர்ப்பன. வன்னியின் பங்குனி வெயிலிலுங்கூடக் குருதியிழந்தவன் உடல் குளிரவே செய்யும். இந்நிலையில் உள்ளானுக்கு நான்கு மணிநேரம் நின்று குடலை அழகாகத் தைத்து முடிப்பது அவனைத் தைத்துக் கொல்வதாகும். ஸ்ரோன் தம் பழைய முறையால் முற்றச் செய்து முடித்த 14 பேரில் ஒருவரே பிழைத்தார். பின்னர், குருதி பெருகுமிடத்தில் துணிச்சுருள்களைத் திணித்து, குடலின் கிழிந்த முனைகளைக் கட்டிவிட்டு, சிகிச்சையை இடைநிறுத்தி, குருதி உறையும் நிலைக்கு வந்தபின் மீளத் திறந்து முடித்த 17 பேரில் 11 பேர் பிழைத்தனர். பத்தாண்டுகளின் பின், 1993இல், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ரொற்றொண்டோவும் அவர் குழுவினரும் இம்முறைக்குப் பழுதுற்ற போர்க்கப்பலை மூழ்காது காத்துத் துறைசேர்க்கும் கடற்படையினரின் சொல்லையே பெயராக இட்டனர். தமிழில் அதனைச் சேதக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை என்பர். பெருநாளமும் உள்ளுறுப்புக்கள் பலவும் சிதைந்த 13 பேருக்கு இம்முறையைக் கையாண்டதில் 10 பேர் பிழைத்தனர் என்றும், அதேபோன்ற காயமுற்றுப் பழைய முறையில் முடிக்கப்பட்ட 9 பேரில் ஒருவரே பிழைத்தார் என்றும் அவர்கள் எழுதினர்.

ஸ்ரோன் திணித்த சுருள்கள் அழுந்தும்பொருட்டு வயிற்றை இறுக மூடினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருபுறம் மீளத் திறக்கவேண்டிய வயிறு. மறுபுறம் இறுக மூடினால் அமுக்கம் ஏறும் வயிறு. இவ்விரு நெருக்கடிக்கும் நடுவே பிறந்தது தற்காலிக மூடல்.

அதன் மிகப் புகழ்பெற்ற வடிவம் தென்னமெரிக்காவிலே தோன்றியது. கொலம்பிய நாட்டின் தலைநகரான பொகொற்றாவில் சன் குவான் டி டியோஸ் என்னும் பழைய வைத்தியசாலை இருந்தது. 1984இல் அங்கே பயிற்சி வைத்தியராயிருந்த ஒஸ்வால்டோ பொறாயெஸ், மூடவியலாத வயிறொன்றின்முன் நின்றபோது, சேலைன் ஏற்றியபின் எறியப்படும் பிளாஸ்ரிக் பையை எடுத்தார். அப்பையின் உட்புறம் ஏலவே கிருமியற்றது, வழுவழுப்பானது, குடலோடு ஒட்டாது. அதனைப் பிளந்து விரித்து, முனைகளை வட்டமாகக் கத்தரித்து, காயத்தின் விளிம்பைச் சுற்றித் தொடர்தையலால் இணைத்துவிட்டார். பை ஊடுகாட்டுவதாதலின் குடல் சிவந்திருக்கிறதா கறுத்துவிட்டதா என்பதைத் தாதியும் கட்டிலருகே நின்றே காணலாம். சென்று பார்த்த அமெரிக்கச் சத்திரவைத்தியர்கள் அதற்குப் ‘பொகொற்றாப் பை’ என்று பெயரிட, அப்பெயர் உலகெங்கும் பரவிற்று.

இவ்வளவு மலிவான பொருளுக்கு இவ்வளவு பெரும் பயன் கிடைத்தமை வியப்புக்குரியதே. ஆயினும் குறைகளும் உள. தையற் சந்துகளினூடாக நீர் கசிந்து படுக்கை நனையும், உடற்சூடு வெளியேறும், பை விளிம்புகளை உள்ளே இழாதாகலின், நாட்செல்லச் செல்ல வயிற்றுத் தசை இருபுறமும் விலகிப் பின்னர் மூடவொண்ணாததாகும். இக்குறைகளைக் களையப் பல முறைகள் தோன்றின. தோலை மாத்திரம் கவ்விகளாற் பற்றி வைத்தல் மிக விரைவானது. ஆனால் அமுக்கம் குறையாது. விற்மன் என்பார் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இரு தகடுகளை விளிம்புகளில் தைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்கினார். 1995இல் தெனெசி மாநிலத்துச் சற்றநூகாவிலே பார்க்கரும் அவர் குழுவினரும் துளையிட்ட பொலித்தீன் தாளைக் குடலின்மேல் விரித்து, ஈரத் துவாயை அதன்மேலிட்டு, இரு குழாய்களை வைத்து, எல்லாவற்றையும் ஒட்டுத்தாளால் மூடி உறிஞ்சு கருவியோடு இணைத்தனர். கசிவு குழாய்வழியே போயிற்று, படுக்கை உலர்ந்தது. இன்று செல்வ நாடுகளில் கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருளும் அளவான உறிஞ்சு யந்திரமும் கூடிய ஆயத்தப் பொதிகள் விற்பனையாகின்றன. 2007இல் சுவீடனின் மல்மோ நகரத்தவர் உறிஞ்சலோடு வலைத்துணியால் விளிம்பை இழுத்துவரும் முறையையும் சேர்த்தனர்.

பொகொற்றாப் பையை வறியோர் கண்டுபிடித்த, வறியோர்க்குரிய முறை என்று புகழ்வார் பலர். அது பாதியுண்மையே. சன் குவான் டி டியோஸ் நாட்டின் தலைநகரில் இருந்த பல்கலைக்கழகப் போதனா வைத்தியசாலை. பையின் பின்னே சத்திரவைத்தியர் குழுவும் அவர்தம் இரவுகளும் நின்றன. பை தைக்கப்பட்ட நோயாளி 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் சத்திரசிகிச்சை மேசைக்கு வரவேண்டும். அந்த இடைவெளியில் அவனுக்குச் சூடேற்றவேண்டும், குருதி ஏற்றவேண்டும், பெரும்பாலும் சுவாச யந்திரத்தில் வைத்திருக்கவேண்டும். திறந்த வயிற்றினின்று கசியும் நீரில் லீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 கிராம் நைதரசன் வெளியேறும் என்று கணித்துள்ளனர். அஃதாவது 12 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதம். இரு கோழிமுட்டைகளின் சத்து ஒவ்வொரு லீற்றரோடும் ஒழுகிப்போகிறது. ஒரு வாரத்துக்குமேல் மூடாது கிடந்தால் குடல் தன்னுள்ளும் சுவரோடும் ஒட்டி உறையத் தொடங்கும். வெளிக்காற்றுப் பட்ட குடலில் துளை விழுந்தால் மலம் நேரே புண்ணிற் பாயும். அதனைக் குணமாக்குதல் பெரு வைத்தியசாலைகளுக்கும் அரிது. ஆகவே தற்காலிக மூடல் என்பது தவணை குறித்து வாங்கிய கடன் போன்றது. தவணை நாளில் கடனை இறுக்க வழியுள்ளவனே அதனை வாங்கத் தக்கவன்.

இனி வன்னியை நோக்குவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கி விரிந்த காடும் குளமும் வயலும் நிறைந்த நிலம் அது. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஏ9 வீதியால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். சமாதான காலத்திற் சிறிய தூரம். போர்க்காலத்திலே ஓமந்தைச் சோதனைச்சாவடி அவ்வழியின் நடுவே நின்றது. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்தோர் பெருந்தொகையாக வன்னியில் வந்து குடியேறினர். 1996இல் கிளிநொச்சி நகரம் போர்க்களமாக, மல்லாவி போன்ற சிற்றூர் வைத்தியசாலைகள் பெருநகருக்குரிய சுமையைத் தாங்கின. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆவணியில் முகமாலையில் மூடப்பட்டது. இவ்வாண்டுகள் முழுவதும் அங்குள்ள வைத்தியர்களும் தாதியரும் கொழும்பு அரசின் சம்பளம் பெற்ற உத்தியோகத்தராகவே இருந்தனர் என்பது வெளிநாட்டார் பலர் அறியாத செய்தி. 

2008 புரட்டாதியில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு நீங்கின. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியும், அதே மாதம் 25ஆம் திகதி முல்லைத்தீவும் இராணுவத்தினர் வசமாயின. மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர, வைத்தியசாலைகளும் கட்டிலும் மருந்துப்பெட்டியுமாக உடன் பெயர்ந்தன. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் ஆகிய பெயர்கள் ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தின் யாத்திரைத் தலங்கள்போலத் தொடர்கின்றன. புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் 500க்கு மேற்பட்ட நோயாளர் இருந்தபோது ஜனவரி இறுதி தொடக்கம் அது பலமுறை எறிகணை வீச்சுக்குள்ளானது. பெப்ரவரி 4ஆம் திகதி அதனைக் கைவிட்டுப் புதுமாத்தளனுக்குச் செல்லவேண்டியதாயிற்று. அங்கே பள்ளிக்கூடமொன்று வைத்தியசாலையானது. வகுப்பறை வாங்குகள் கட்டில்களாயின. கட்டிலுக்கு இடமற்றோர் மரநிழலில் பாய்மேற் கிடந்தனர்.

முல்லைத்தீவுப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் வைத்தியர் து. வரதராஜா, கிளிநொச்சிப் பிராந்தியப் பணிப்பாளர் வைத்தியர் த. சத்தியமூர்த்தி, வைத்தியர் வீ. சண்முகராஜா ஆகியோர் ஏனைய வைத்தியரோடும் தாதியரோடும் தொண்டர்களோடும் இறுதிவரை அங்கே பணிபுரிந்தனர். அவர்கள் பணி நிகழ்ந்த சூழலை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை விவரிக்கின்றது. மயக்கமருந்து போதாமையால் நீர் கலந்து பயன்படுத்தப்பட்டது. அதுவும் தீர்ந்தபோது மயக்கமின்றியே அவயவங்கள் நீக்கப்பட்டன. கட்டுத்துணி இன்மையாற் சீலையும் சாரமும் கிழிக்கப்பட்டன. குருதி இன்மையால் நோயாளியின் உடலினின்று வடிந்த குருதியையே துணியால் வடித்து அவனுக்கே மீள ஏற்றினர்.

இக்கடைசிச் செய்தியைப் படிப்போர் அதன் நுட்பத்தையும் அதன் எல்லையையும் கருதவேண்டும். சொந்தக் குருதியை மீள ஏற்றுதல் மருத்துவ நூல்கள் ஒப்பிய முறையே. நெஞ்சறையிற் தேங்கிய குருதிக்கும், மண்ணீரல் ஈரல் கிழிந்து பெருகிய குருதிக்கும் அது பொருந்தும். குடலும் கூடக் கிழிந்திருந்தாலோ அக்குருதியில் மலம் கலந்துவிடும். அதனை ஏற்றுதல் நஞ்சை ஏற்றுதலாகும். உதரக் காயமுற்றோரிற் பெரும்பாலோர்க்குக் குடலும் கிழிந்தேயிருக்கும். ஆகவே வேறெந்தக் காயத்தினும் வயிற்றுக் காயத்துக்கே குருதி வங்கி இன்றியமையாதது. அவ்வங்கியே அங்கே இல்லாதிருந்தது.

இங்கேதான் தற்காலிக மூடலின் அடிப்படை ஆட்டங்காண்கிறது. பை இருந்தது. வெறுமையான சேலைன் பைகள் எவ்வளவு வறிய வைத்தியசாலையிலும் குப்பைத்தொட்டியிற் கிடப்பனவே. ஊசியும் நூலும் இருந்தன. தைக்கும் கையும் இருந்தது. இரண்டாம் நாள் இருக்கவில்லை. புதுக்குடியிருப்பில் வயிறு திறந்த மேசை நாற்பத்தெட்டு மணித்தியாலங்களின் பின் அவ்விடத்திலேயே இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாதிருந்தது. புதுமாத்தளனில் வைத்தியசாலை ஏறக்குறைய பத்து வாரம் நிலைத்தது உண்மை. ஆயினும் அங்கே ஒவ்வொரு காலையும் புதிய காயக்காரர் வந்து வாசலை நிறைத்தனர். நேற்றைய நோயாளியை மீளத் திறக்க இரு மணிநேரம் செலவிட்டால் இன்றைய நோயாளர் மூவர் குருதிவடிந்து இறப்பர். எவர் காத்திருக்கலாம், எவர் காத்திருக்கவொண்ணாது, எவரைக் கைவிடவேண்டும் எனப் பிரித்தல் போர்ச் சத்திரவைத்தியத்தின் பழைய கணக்கு. அக்கணக்கிலே திறந்த வயிற்றோடு கிடப்பவன் இருமுறை மேசையைக் கேட்பவன். முதன்முறையே கிடைத்தற்கரிய இடத்தில் இரண்டாம் முறைக்கு வழியேது?

அத்தகைய இடங்களுக்கெனச் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் சத்திரவைத்தியர் நெடுங்காலமாகப் பயின்றுவந்த நெறி வேறு. சுவாச யந்திரமும் குருதியும் இல்லாவிடத்துத் துணிச்சுருள் திணித்து மூடும் முறையைப் பெருங் குருதிப்பெருக்கினருக்கும் குளிர்ந்தவருக்கும் மட்டுமே ஒதுக்கி, ஏனையோர்க்கு ஒரேமுறையில் நிலைக்கத்தக்க சிகிச்சையை எளிமையாகச் செய்து முடிப்பது அந்நெறி. பெருங்குடல் கிழிந்திருப்பின் அதனைத் தைத்து உள்ளே விடுவதற்குப் பதிலாக, கிழிந்த பகுதியை வயிற்றுச் சுவருக்கு வெளியே கொணர்ந்து மலம் அவ்வழியே போகவிட்டு, சுவரை மூடலாம். நோயாளி நடமாடவும், பெயரவும், கப்பலேறவும் கூடியவனாகிறான். அழகற்ற சிகிச்சை, ஆயினும் நாளைக்கு இன்னொரு சத்திரவைத்தியர் இருப்பார் என்று அது எதிர்பார்ப்பதில்லை. நவீன முறையைக் கல்லாமையால் பழைய முறை கைக்கொள்ளப்பட்டது என்று இதனைக் கொள்வது தவறு.

இரண்டாம் நாளைத் தேடித்தரக்கூடிய ஒரே பாதை அப்போது கடலாயிருந்தது. ஜனவரி இறுதியிலே தரைவழியாக 200க்கு மேற்பட்ட காயக்காரர் வவுனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின் அவ்வழி அடைபட்டது. பெப்ரவரி 10ஆம் திகதி தொடக்கம் மே 9ஆம் திகதி வரை செஞ்சிலுவைக் குழு ‘கிறீன் ஓசன்’ என்னும் கப்பல் முதலியவற்றாற் காயக்காரரையும் நோயாளரையும் அவர்தம் துணையினரையும் ஏற்றிச் சென்றது. மொத்தம் 13,000க்கு மேற்பட்டோர் இவ்வாறு வெளியேறினர். கப்பல் கரையை அணுக இயலாது தூரத்தே நிற்க, காயக்காரர் மீன்பிடி வள்ளங்களிற் கிடத்தப்பட்டு அலைமேல் கொண்டுசெல்லப்பட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டனர். முதலில் திருகோணமலையும், பங்குனி தொடக்கம் இந்திய மருத்துவக் குழு நிலைகொண்டிருந்த புல்மோட்டையும் இறங்குதுறைகளாயின. கப்பல் நாள்தோறும் வரவில்லை. களநிலையும் கடல்நிலையும் அனுமதித்தபோதே வந்தது. நாற்பத்தெட்டு மணித்தியாலக் கணக்கு சத்திரவைத்தியரிடம் இருந்தது. நாட்குறிப்போ வேறெவரிடமோ இருந்தது.

திறந்த வயிற்றோடு ஒருவன் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாறும்போது அவனோடு செல்லவேண்டிய சீட்டொன்று உண்டு. உள்ளே எத்தனை துணிச்சுருள் வைக்கப்பட்டன, எம்முனை கட்டப்பட்டது, எந்நாள் எந்நேரம் மூடப்பட்டது என்பன அதில் எழுதப்படவேண்டும். அதின்றேல், துறைமுகத்தில் அவனை ஏற்கும் வைத்தியர் எண்ணறியாது சுருள்களை எடுப்பார். ஒன்று உள்ளே தங்கினாலும் அது அழுகி உயிரை வாங்கும். அமைதியான நகரங்களில் இது கோவையின் ஒரு தாள். உப்புநீர் தெறிக்கும் வள்ளத்தில் அது நனையாமற் போய்ச் சேர்தலும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

சித்திரை 20ஆம் திகதிக்குப் பின்னர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் சில நாட்களுக்குள் வெளியே வந்தனர். வவுனியா வைத்தியசாலையிலே கட்டில்களின் கீழும் தாழ்வாரங்களிலும் காயக்காரர் நிறைந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சத்திரவைத்தியர் அங்கே அரச வைத்தியரோடு சேர்ந்து இரவுபகலாக உழைத்தனர். மே மாதத்தில் மெனிக் பாம் முகாமருகே கூடார வைத்தியசாலையொன்றையும் அவ்வமைப்பு திறந்தது. போர் மே 18ஆம் திகதி முடிந்தது. முள்ளிவாய்க்காலின் இறுதி நாட்களில் வைத்தியர் வரதராஜாவும் காயமுற்றிருந்தார்.

வயிற்றுக் காயத்துக்கு அத்துடன் முடிவில்லை. வெளியே கொணர்ந்த குடலை மீள உள்ளே இணைத்தலும், தசை விலகித் தோல் மாத்திரம் மூடிய வயிற்றிலே பிதுங்கும் குடலுக்கு வலைத்துணி வைத்துத் தைத்தலும் காயம் ஆறிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே செய்யத்தக்கன. ஆறு மாதம், ஓராண்டு எனச் சத்திரவைத்திய நூல்கள் கூறும் அத்தவணைக் காலத்தைக் காயமுற்ற வன்னி மக்களிற் பலர் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களிலே, மலப்பையைச் சீலைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, தண்ணீருக்கு வரிசையில் நின்று கழித்தனர். அம்முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது.